கேட்டதைக் கொடுத்துவிட்ட இயந்திரம்

இரண்டாவது தடவை மில் கக்கியபோதும் நாற்காலியில் இருந்தவள் பாத்திரக்கடைதான்.

பாத்திரக்கடை என்றால் கடை இல்லை, ஆள். தாது அரைக்கிற ஆலையின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, எதிரே வரிசையாக இருக்கும் திரைகளைப் பார்த்துக்கொண்டே மலையை மாவாக்குகிற உத்தியோகம் அவளுக்கு. பிறந்த வீட்டில் பாத்திர வியாபாரம். தவழ்ந்ததே குடத்துக்கும் அண்டாவுக்கும் நடுவில்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆலை சும்மா கொடுக்கிற கையுறைக்கே ஸ்டோர்காரரிடம் பேரம் பேசி ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், அப்புறம் உதிரவே இல்லை.

மில் என்பது ஒரு வீட்டைப் படுக்கப்போட்டு உருட்டிவிட்ட மாதிரி இருக்கும் இரும்பு உருளை. ஒரு வாய் வழியாக உடைத்த தாதுக்கல்லும் தண்ணீரும் உள்ளே போகும். உள்ளே கிடக்கும் இரும்புக் குண்டுகள் உருண்டு ஏறி, மேலிருந்து விழுந்து, கல்லை நொறுக்கும். இன்னொரு வாய் வழியாகச் சேறு வெளியே வரும். அளவாகப் போட்டால் தங்கமான பிள்ளை. அளவு மீறினால் குண்டுகள் விழ இடமில்லாமல் சேற்றுக்குள் புதைந்து, இடிக்கிற வேலையை விட்டுவிட்டு நீச்சலடிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் போட்டதையெல்லாம் போட்ட வழியாகவே திருப்பித் தரும். தரை முழுக்க முழங்கால் அளவுக்குச் சேறு. கழுவுகிற ஆட்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் இருந்த கண்ணாடி ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தாலே தேவலை.

ஆலை மேலாளரை எல்லோரும் உப்புத்தாள் என்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். அவர் எதைச் சொன்னாலும் லேசாகத் தோல் உரியும். சேறு காய்வதற்குள் வந்து நின்றார்.

"போன வாரம் ஒரு தடவை. இன்னைக்கு ஒரு தடவை. மத்த ஷிஃப்ட்ல எல்லாம் மில் தூங்குற குழந்தை மாதிரி ஓடுது. உங்க ஷிஃப்ட்ல மட்டும் அதுக்கு ஏம்மா வயித்துக் கோளாறு?"

"நான் ஒண்ணுமே தொடலை சார்."

"தொடலைன்னா எப்படி ஆகும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்குறேன்."

"கேக்குற இடத்துல நான் இருக்கேன். நீங்க பதில் சொல்ற இடத்துல இருக்கீங்க. இடம் மாறி உக்காராதீங்க."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பவர்போல் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புது சிஸ்டம் நிலைச்சதும் நாலு ஆபரேட்டர்ல ஒருத்தர் மிச்சம். துறைமுக யார்டுல ஆள் கேட்டிருக்காங்க. யாரை அனுப்புறதுன்னு இன்னும் நான் முடிவு பண்ணலை. இன்னொரு தடவை கக்கிச்சுன்னா எனக்கு அந்த சிரமமே இல்லை. நாளைக்கு உங்க ஷிஃப்ட்ல நானே வந்து உக்காருறேன்."

துறைமுக யார்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகிற தூரம். அங்கே போனவர்கள் விடுமுறைக்கு வந்தால் அவர்கள் வீட்டு நாயே யாரென்று கேட்கும்.

*

புது சிஸ்டம் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பூட்ட வந்த எஞ்சினியர் நெடுநெடுவென்று வளர்ந்து, தலையில் மட்டும் முடி கொத்தாக நின்றதால், வந்த அன்றே ஒட்டடைக்கம்பு ஆகிவிட்டான். நல்ல பையன். பழைய கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, தாது வரும் கன்வேயருக்கடியில் புதுத் தராசு வைத்தான், தண்ணீர்க் குழாயில் புது வால்வு வைத்தான். இனி ஆபரேட்டர் மணிக்கு இத்தனை டன் வேண்டும் என்று திரையில் எண்ணைத் தட்டினால் போதும். தராசைப் பார்த்து, பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான்.

எல்லா ஆபரேட்டர்களையும் கூப்பிட்டுவைத்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான்.

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. ஆட்டோல போட்டாச்சுன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. பயந்துபோய் மானுவலுக்கு மாத்திட்டீங்கன்னா, எங்க தப்புன்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாத்திரக்கடை மட்டும் வாய்விட்டு, "சரி தம்பி, தொட மாட்டேன்" என்றாள். வியாபார வீட்டில் வளர்ந்தவளுக்கு விலை படிகிறவரைக்கும் நாக்கு எத்தனை திசையில் வேண்டுமானாலும் புரளும். 'சரி' என்று வந்துவிட்டால் வந்ததுதான். அதனால் மில்லின் குரல் மாறியபோதும், திரையில் மோட்டாரின் மின்சாரக் கோடு கோணிக்கொண்டு போனபோதும், இரண்டு தடவையும் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது சிஸ்டம் வந்தபின், மாமியாரின் அறுவைக்கு எடுத்த விடுப்பு போக, அவள் ஓட்டியதே அந்த இரண்டு ஷிஃப்ட்தான். அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னவனே எஞ்சினியர். அவளென்ன குறுக்கே விழுவது?

மில் இரண்டாம் தடவை கக்கிய அன்றைக்கு அவளிடமிருந்து ஷிஃப்டை வாங்கிக்கொள்ள வந்தவர் சித்தப்பா. யாருக்கும் சித்தப்பா இல்லை, அதனால் எல்லோருக்கும் சித்தப்பா. ஆபரேட்டர்களில் மூத்தவர். பனியன் தெரிய மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, நாற்காலியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினார்.

"உங்க ஷிஃப்ட்ல மட்டும் எப்படி சித்தப்பா ஒண்ணும் ஆக மாட்டேங்குது?"

"கை ராசிம்மா."

"எனக்கென்ன, கால் ராசியா?"

"நீயும் கொஞ்சம் கையோட வேலை செய்யேன்" என்று சொல்லிவிட்டு அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். அறிவுரைக்கு என்ன குறைச்சல் என்று நினைத்துக்கொண்டு அவள் பையை எடுத்தாள்.

*

வீட்டில் சொன்னபோது கணவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவன் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவன். பள்ளத்தில் தாதை ஏற்றிக்கொண்டு வந்து ஆலை வாசலில் இருக்கும் தொட்டியில் கொட்டுவான். அவன் கொட்டுவதை அவள் அரைப்பாள். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும்படி வாங்கிவைத்திருந்தார்கள். ஒருவர் உள்ளே வர, மற்றவர் வெளியே போக, அந்த ஒரு கதவை நம்பித்தான் குடும்பம் ஓடியது. மாமியாருக்கு முழங்காலில் அறுவை ஆகி, எழுந்திருக்கவும் உட்காரவும் ஒரு தோள் வேண்டும். மகளுக்கு அந்த வருடம் பெரிய பரீட்சை.

"துறைமுகம்னா நல்ல காத்து வரும்" என்றான் கணவன், ஊசியில் நூல் கோத்தபடி.

"அப்ப நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

"நான் போனா டம்பரை யார் ஓட்டுறது, உங்க அம்மாவா?"

"எங்க அம்மா ஓட்டினா ஒவ்வொரு லோடுக்கும் கொசுறா நாலு கல்லு கேட்டு வாங்கிட்டு வருவாங்க. உங்களை மாதிரி போட்டதை ஏத்திக்கிட்டு வர மாட்டாங்க."

சிரித்தான். ஆனால் நூல் ஊசிக்குள் போகவில்லை. மூன்று தடவை எச்சில் தொட்டும் போகவில்லை. அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "என்னால உங்களுக்குத் தொந்தரவுன்னா சொல்லிடுங்க. நான் பெரியவன் வீட்டுக்குப் போயிடறேன்."

"போங்க அத்தை, யாரு வேண்டாம்னா? மூணாவது நாளே அக்கா உங்களைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க. அனுப்புற கூலியும் நம்ம தலைல."

"வாயைப் பாரு" என்றது உள்ளறை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "அவ போயிட்டா என்னடா பண்ணுவோம்?" என்று மகனிடம் கேட்டது. அவன் அடுத்த பொத்தானை எடுத்தான். பாத்திரக்கடைக்கு அன்று சோறு இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் நின்றபடி, தொட்டில் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கிற தாய்மாதிரி, அந்த இரும்பு உருளையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தாள். அதே தாது. அதே தண்ணீர். அதே எண். இத்தனை வருடம் ஒழுங்காகத் தின்றதற்கு இப்போது ஏன் செரிக்கவில்லை?

*

மறுநாள் காலை, கழுவித் துடைத்த மில்லை அவள்தான் ஓட்டத் தொடங்கினாள். தண்ணீருக்கு எண்ணைத் தட்டினாள். தாதுக்கு நானூறு என்று தட்டினாள். ஆட்டோவில் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சுவரைத் தாண்டி மில்லின் சத்தம், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி, படபடவென்று வந்தது. அந்தச் சத்தம் வரும்வரை கவலையில்லை. குண்டு கல்லின்மேல் விழுகிற சத்தம் அது. உப்புத்தாள் எந்த நேரமும் வந்து நிற்பார் என்பதால் அவள் திரையைப் பாதியும் கதவைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆலங்கட்டி மழை தூறலாயிற்று. தூறல், ஈரத்துணியைத் துவைக்கிற சத்தமாயிற்று. மில்லைச் சுழற்றும் மோட்டாரின் மின்சாரக் கோடு உச்சிக்கு ஏறி, ஏறிய இடத்தில் நில்லாமல், மெல்லக் கீழே வளைந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் சுமை குறைந்துவிட்டது என்பார்கள். அப்படியில்லை. வயிறு முட்டத் தின்றவன் எழுந்து நடக்க முடியாமல் சாய்ந்து படுப்பானே, அது.

மானுவல் பொத்தான் திரையின் ஓரத்தில், தொட்டால் போதும் என்ற தூரத்தில் இருந்தது. தொட்டால் கொடுத்த சொல் போயிற்று. தொடாவிட்டால் நாற்காலி போயிற்று. கட்டிய கை அவிழ்ந்துகொண்டிருந்தபோது, இரண்டு கையிலும் டீயோடு கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒட்டடைக்கம்பு உள்ளே வந்தான்.

"என்னக்கா, முகம் இப்படி இருக்கு?"

"தம்பி, உன் மெஷினுக்கு என் மேல என்ன கோபம்னு கேட்டுச் சொல்லு. நான் அதுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

அவன் டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். பார்த்தவன் முகமும் அவள் முகம் மாதிரி ஆயிற்று.

"மில் நிரம்புதே! ஆனா சிஸ்டம் சரியாத்தானே ஓடுது. நானூறு கேட்டிருக்கீங்க, நானூறு போகுது."

"அதெப்படிப் போகும்? நானூறு போட்டா முந்நூத்தி அறுபதுதானே வரும்?"

"என்னது?"

"முந்நூத்தி அறுபது. மில்லு தாங்குறது அவ்வளவுதான். அதுக்குத்தானே நானூறு போடுறது."

அவன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "முந்நூத்தி அறுபது வேணும்னா முந்நூத்தி அறுபதுதானேக்கா கேக்கணும்?"

"அவ்வளவே கேட்டா முந்நூத்தி இருபதுதான் குடுக்கும்."

"எந்தக் கடைலக்கா?"

"இந்தக் கடைலதான்! நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். வேணுங்கிறதுக்கு மேல ஏத்திக் கேக்கணும். அது குறைச்சுக் குடுக்கும். ரெண்டு பேருக்கும் கட்டுப்படியாகும். நான் மட்டுமா, எல்லா ஆபரேட்டரும் அப்படித்தான் போடுவோம்."

"சரி, திரைல நானூறு வருதுன்னு காட்டுதே, அதைப் பாக்கலையா?"

"பாத்தேன். புதுத் தராசுதானே. கடை திறந்த புதுசுல எவனும் கொஞ்சம் கூடத்தான் சொல்லுவான்னு விட்டுட்டேன்."

ஒட்டடைக்கம்பு தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி அவனை மறுபடி அவளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

"பழைய தராசு முந்நூத்தி அறுபதுன்னுதான் காட்டிச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? தராசு பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். நீங்க எல்லாரும் நானூறுன்னுதான் போடுவீங்கன்னு அதையே நானும் எழுதிக்கிட்டேன்."

"அடப்பாவி! நீ பழைய தராசைத் திருடன்னே. நான் புதுத் தராசைத் திருடன்னேன்."

"ரெண்டு தராசும் யோக்கியன்க்கா."

பழைய கருவியின் குணம் அப்படி. கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இடையே எவ்வளவு தூரமோ அந்த அளவுக்குத்தான் அது பெல்ட்டைத் தள்ளும். தூரம் குறையக் குறையக் கையை இழுத்துக்கொள்ளும். கடைசிக் கொஞ்சத்துக்கு எழுந்திருக்கச் சோம்பல் பட்டு அங்கேயே நின்றுவிடும். புதியது அப்படியில்லை, ஒரு டன் பாக்கியிருந்தாலும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, கேட்டதைக் கொடுத்து முடிக்கிறவரை ஓயாது. இதையெல்லாம் ஒட்டடைக்கம்பு மூச்சுவிடாமல் சொன்னான். பாத்திரக்கடை பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை வருடமாகப் பேரம் பேசுகிற கடையில் வாங்கியவள், பெயர்ப்பலகை மாறியது தெரியாமல் ஒரே விலைக் கடைக்குள் நுழைந்து, பழைய பழக்கத்தில் ஏற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைக்காரன் ஒரு வார்த்தை மறு பேச்சுப் பேசாமல் அத்தனையையும் கட்டிக் கொடுத்துவிட்டான்.

"பாடம் அப்புறம் நடத்து. இப்ப என்ன பண்றது? மானுவலா?"

"வேண்டாம். ஆட்டோலயே கேளுங்க. உங்களுக்கு நிஜமா எவ்வளவு வேணும்?"

"காலியாகுற வரைக்கும் இருநூத்தி அம்பது போதும். தண்ணி இருக்குற மாதிரியே இருக்கட்டும், அலசி வெளில தள்ளும்."

"போடுங்க."

அவள் தட்டினாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அக்கா! முந்நூறு போட்டிருக்கீங்க!"

"கை தன்னால போகுதுப்பா. வேணுங்கிறதை வேணுங்கிற மாதிரியே கேட்டு எனக்குப் பழக்கமில்லை."

"இருநூத்தி அம்பது. ரெண்டு, அஞ்சு, சைபர்."

கடைக்காரன் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோல், மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. உப்புத்தாள்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. காதைக் கொடுத்தார். ஈரத்துணிச் சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. மில்லின் வாயோரம் சேறு கசிந்து தரையைத் தொட்டிருப்பது ஜன்னல் வழியாகவே தெரிந்தது.

"மூணாவது தடவையா?"

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அவள். இத்தனை வருடத்தில் அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவரே திகைத்துப்போய் நின்றுவிட்டார்.

மூன்று பேரும் மின்சாரக் கோட்டைப் பார்த்தார்கள். கீழே வளைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வளைந்தது. ஒட்டடைக்கம்பு நகத்தைக் கடித்தான். அப்புறம் கோடு ஓரிடத்தில் தயங்கி நின்று, மெல்ல மேலே ஏறியது.

"ஏறுது! சுமை ஏறுதும்மா, பெல்ட்டை நிறுத்துங்க!"

"ஏறட்டும் சார். படுத்துக்கிடந்தது எழுந்து நிக்குது. எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும்."

கோடு உச்சியைத் தொட்டது. பிறகு, மாடிப்படி இறங்குகிறவன்போல, பதறாமல் இறங்கத் தொடங்கியது. சுவருக்கு அப்பால் துவைத்துக்கொண்டிருந்த துணியை யாரோ உதறினார்கள். ஒரு 'டப்'. இன்னொன்று. நாலைந்து சேர்ந்தாற்போல. அப்புறம் மளமளவென்று தகரத்தில் ஆலங்கட்டி மழை.

பாத்திரக்கடை ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அது ஒட்டடைக்கம்பின் டீ.

*

மில் சமநிலைக்கு வந்து, அவள் முந்நூற்று அறுபது தட்டி, அது முந்நூற்று அறுபதைக் கொண்டுவந்து கொடுத்து, அந்த அதிசயத்தை மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்தபிறகு, உப்புத்தாள் நடந்ததையெல்லாம் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"எல்லாரும் நானூறுதான் போடுறீங்க. அப்ப மத்த ஷிஃப்ட்ல ஏன் கக்கலை?"

ஒட்டடைக்கம்பு பழைய கோடுகளைத் திரையில் கொண்டுவந்தான். அவளுடைய ஷிஃப்ட்கள் வழவழவென்று இருந்தன. மற்றவை சேவல் கொண்டை மாதிரி ஏறி இறங்கிக் கிடந்தன.

"சார், இது மெஷின் போட்ட கோடு இல்லை. மனுஷன் கையால போட்ட கோடு."

பாத்திரக்கடைக்கு இப்போதுதான் 'கையோட வேலை செய்யேன்' என்பது உறைத்தது. உறைத்ததும் அவசரமாக ஜன்னல் வழியாக எதையோ பார்க்கத் தொடங்கினாள். தன் வாயால் ஒருவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. மதிய ஷிஃப்டுக்குச் சித்தப்பா மேல் பொத்தான் திறந்தபடி உள்ளே நுழைந்தார். மேலாளரைக் கண்டதும் பொத்தானைப் போட்டார். திரையில் தன் சேவல் கொண்டையைக் கண்டதும் மறுபடி கழற்றிக்கொண்டார்.

"ஆட்டோல போடச் சொன்னேனே, போட்டீங்களா?" என்றார் உப்புத்தாள்.

"போட்டேன் சார். போட்டுட்டுக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன். புது மாப்பிள்ளையை வந்த அன்னைக்கே மூட்டை தூக்கச் சொல்லலாமா?"

"இத்தனை வாரமாவா ஓய்வு?"

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முதல் நாளே மில்லு முனகிச்சு சார். மானுவலுக்கு மாத்திட்டேன். நான் சொல்லி மத்த ரெண்டு பேரும் மாத்திட்டாங்க. நல்லா ஓடுதுன்னு நீங்க மேலிடத்துக்கு எழுதிட்டீங்க. நாலுல ஒரு ஆள் போகணும்னு வேற சொன்னீங்க. வாயைத் திறந்து என் நாற்காலிக்கு நானே ஆணி பிடுங்கணுமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சித்தப்பா" என்றாள் அவள். நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. "கையோட வேலை செய், காலோட வேலை செய்னு விடுகதை போட்டீங்களே, மானுவல்ல ஓட்டுடின்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா? வீட்ல நேத்திலேர்ந்து ஒருத்தரும் சோறு திங்கலை!"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீ அந்தப் பையனுக்கு வாக்குக் குடுத்து நிஜமாவே கையைக் கட்டிக்கிட்டு உக்காருவேன்னு யாரும்மா கண்டா? பேரம் பேசுறவ, இதுலயும் ஏதாச்சும் குறைச்சுக்குவேன்னு நினைச்சேன்."

உப்புத்தாள் திரையருகே போய் அந்த வழவழ கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இத்தனை நாள்ல சோதனைன்னு நடந்தது இந்தம்மா ஷிஃப்ட்ல மட்டும்தான். மத்ததெல்லாம் நாடகம். அதுக்கு நான் மேடை போட்டிருக்கேன்." கடைசி வாக்கியத்தில் உரிந்தது அவருடைய தோல்தான். "தம்பி, எல்லா எண்ணையும் அழிச்சுட்டு இந்தம்மாகிட்ட உக்காந்து நிஜமான எண்ணைக் கேட்டு எழுது. தண்ணி, தொட்டி, எல்லாத்துக்கும். மறுபடி முதல்லேர்ந்து ஓட்டுவோம்."

"சார், அந்த துறைமுகம்?" என்றாள் அவள்.

"அதை அப்புறம் பாக்கலாம்."

"எங்க கடைல 'அப்புறம் பாக்கலாம்'னு சொல்லிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லை சார்."

அவர் புருவத்தைத் தூக்கினார். அவள் மனசில் கணக்கு ஓடியது. ஒரு வருடத்துக்கு அனுப்பக் கூடாது என்று கேட்கலாம். ஒரு வருடம் வேண்டுமானால் மூன்று வருடம் என்று ஆரம்பிக்க வேண்டும். மகளின் படிப்பைச் சொல்லி, அத்தையின் முழங்காலைச் சொல்லி, வேண்டுமானால் தன் முழங்காலையும் சேர்த்து... வாய்வரை வந்ததை விழுங்கினாள். காலையிலிருந்து ஒரு இயந்திரத்திடம் பட்டபாடு போதும்.

"நான் இங்கேயே இருக்கணும் சார். அவ்வளவுதான்."

அடுத்து ஏதோ வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

"இருங்க" என்றார். "உங்க பேர் துறைமுகத்துக்குப் போகாது. நானே சொல்றேன், போதுமா? எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதிக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

உப்புத்தாள் சிரித்தார். சிரிப்பும் சொரசொரவென்றுதான் இருந்தது, ஆனால் யாருக்கும் எதுவும் உரியவில்லை. அவர் கதவுப்பக்கம் நடந்தபோது சித்தப்பா பின்னாலேயே போனார்.

"அப்ப எனக்கு சார்?"

"உங்களுக்கு அப்புறம் பாக்கலாம்."

*

ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கியபோதுதான் அவளுக்குப் பசித்தது. வீடுவரை தாங்காத பசி. தாது கொட்டுகிற தொட்டிக்கு எதிரே, டம்பர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள். காலையில் கட்டியது, விறைத்துப்போயிருந்தது. விருந்துச் சோறு மாதிரி இறங்கியது. காலுக்கடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. மில்லின் படபடப்பு இங்கேயும் கேட்டது. யாரோ அவளுக்காகவே கை தட்டிக்கொண்டிருப்பதுபோல் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள்.

பள்ளத்திலிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு கணவனின் டம்பர் ஏறிவந்தது. காலையில் வீட்டைவிட்டு அவள் கிளம்பியபின், அன்றைக்கு அத்தையைப் பார்த்துக்கொள்ள மகளை நிறுத்திவிட்டு, கூட ஒரு ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் போல. பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் வந்திருப்பான். கேட்டால் டீசல் வாசனைக்கு வந்தேன் என்பான். இரண்டு ஆள் உயரத்தில் இருந்த கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்து, கையை விரித்து, என்ன ஆயிற்று என்று கேட்டான்.

வாயில் சோறு. இடது கையால் தரையைக் காட்டினாள். இங்கேதான். மறுபடி, நன்றாகத் தெரியும்படி, ஆள்காட்டி விரலால் தரையைக் குத்திக் குத்திக் காட்டினாள். இங்கேயே.

அவன் ஹாரனில் கையை வைத்தான். அந்த இடத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று ஆள் உயரத்துக்குப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். வரிசையில் நின்ற மற்ற டம்பர்காரர்கள், எதற்கென்று தெரியாவிட்டாலும், நாம் மட்டும் ஏன் விடுவது என்று தாங்களும் அடித்தார்கள். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடினார்.

பாத்திரக்கடை டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டாள்.